கிட்டங்கிக்குள் ஒரு வான்வெளி

விதி இதுதான். இருநூற்று ஐம்பது கிராமுக்கு மேற்படாத ட்ரோன் 'நானோ' வகை. ஓட்டுவதற்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. ஆனால் திறந்த வானத்தில் ஏற்றுமுன் பதிவு செய்து ஓர் எண் வாங்க வேண்டும். பதிவுப் பக்கத்தில் 'தயாரிப்பாளர்' என்று ஒரு கட்டம் உண்டு. கடையில் வாங்கியவர் கம்பெனி பெயரை எழுதிவிடுவார். சாப்பாட்டு மேஜையில் செய்தவர் எதை எழுதுவது?

விமானப் போக்குவரத்துத் துறைக்கே கேட்டு எழுதினேன். துறைமுகத்தில் சரக்குப் பிரிவு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் வேறென்ன செய்வான்? 'நானே செய்த ட்ரோன், எடை நானோ வரம்புக்கு உட்பட்டது' என்று உறுதிமொழியோடு மின்னஞ்சல் போனது. பதில்தான் வரவில்லை.

ட்ரோன் ஆசை எனக்கு எப்படி வந்தது? எல்லாம் என் மனைவி செல்வக்கனியின் உபயம். குழாய் ஒழுகுகிறது என்று பிளம்பருக்கு போன் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் சொன்னாள்: "நீங்க இத்தன வருசத்துல உங்க கையால செஞ்சது கையெழுத்து மட்டுந்தான்."

சுருக்கென்றது. உண்மை என்பதால் கூடுதலாகச் சுருக்கென்றது.

மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். பென்ஷன்காரனின் பட்ஜெட். மோட்டாரும் கன்ட்ரோல் போர்டும் ஆன்லைனில் செகண்ட் ஹாண்ட். கார்பன் ஃபிரேமின் விலையைப் பார்த்து அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, ஃபைபர் படகு பழுது பார்க்கும் இடத்துக்குப் போனேன். அங்கே வேலை செய்பவர் ஒரு துண்டுத் தகட்டைச் சும்மாவே கொடுத்தார்.

"அண்ணாச்சி, இத வச்சு என்ன செய்யப் போறிய?"

"பறக்க விடப் போறேன்."

"படகயா?" என்றார். அப்புறம் என் கண்ணாடியைப் பார்த்து, "அறுக்கும்போது கையப் பாத்துக்கிடுங்க" என்றார்.

அறுத்தேன். சால்டரிங் அயர்னில் இரண்டு விரலைச் சுட்டுக்கொண்டேன். யூடியூபில் பேரன் வயதுப் பிள்ளைகள் 'சிம்பிள் ப்ரோ' என்று சொன்ன வேலைக்கு எனக்கு ஒரு மாதம் பிடித்தது. கடைசியில் நடுவில் ஒரு பித்தளைத் தகடு பதித்தேன். பெயர், பட்டம், பதவி, அடைப்புக்குறிக்குள் 'ஓய்வு'.

செல்வக்கனி மக்ரூனுக்கு முந்திரி நிறுக்கிற டிஜிட்டல் தராசில் நிறுத்துப் பார்த்து, மின்னஞ்சலையும் அனுப்பிவிட்டு, அவளை அழைத்துக் காட்டினேன். இருநூற்றுப் பதினான்கு!

அவள் தராசைப் பார்த்தாள். மேஜையைப் பார்த்தாள்.

"பேட்டரி ஏன் தனியா கெடக்கு?"

"ஏளா, அது லோடு. இது டேர் வெயிட். வெறும் லாரி எடை..."

"சரி. பேட்டரி இல்லாம இது பறக்குமா?"

பறக்காது. பேட்டரியை வைத்தாள். இருநூற்று எழுபத்திரண்டு.

காலமெல்லாம் வெறும் எடை, சரக்கு எடை என்று பிரித்துப் பிரித்துப் பார்த்த மூளை, தன் சொந்தப் பொருளிலும் பிரித்துவிட்டது! எடை தவறு என்று எத்தனை பேருடைய காகிதங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்... இப்போது நானே அந்த மின்னஞ்சலில் எழுத்துமூலம் பொய் சொல்லியிருக்கிறேன். திருத்தக் கடிதம் அனுப்பலாம். நானா? மாட்டேன். எல்லோரும் பொருளுக்கேற்றபடி காகிதத்தைத் திருத்துவார்கள். நான் காகிதத்துக்கேற்றபடி பொருளைத் திருத்த உட்கார்ந்தேன்.

இரும்பு ஸ்க்ரூவை எடுத்து நைலான் போட்டேன். வயரை நறுக்கினேன். இன்னும் வரம்புக்கு மேலேதான் நின்றது.

"அந்தப் பேர் போர்டு எத்தன கிராம் இருக்கும்?" என்றாள் செல்வக்கனி, என் முகத்தைப் பார்க்காமல்.

பித்தளைத் தகட்டை விரலால் ஒரு தடவை துடைத்தேன். அவளே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நீட்டினாள். கழற்றினேன். தராசு இருநூற்று நாற்பத்தொன்பதில் நின்றது.

சரி, எண் இல்லாமல் எங்கே பறக்கவிடுவது? விதியை மறுபடி படித்தேன். விதி பேசுவது வான்வெளியை. கூரைக்குக் கீழே இருப்பது வான்வெளியா? இல்லை என்பது என் வியாக்கியானம். ஆறுமுகநேரியில் என் மைத்துனன் ராஜாமணிக்கு உப்பு சேர்த்துவைக்கும் கிட்டங்கி இருக்கிறது, உயரமான கூரை போட்ட கொட்டகை. மழைக்காலம், உப்பு வாரும் வேலை இல்லை, கிட்டங்கி காலி.

"அத்தான், தாராளமா விடுங்க. என் தலைல மட்டும் விட்ராதிய" என்று ராஜாமணி, கூட வந்த செல்வக்கனியோடு கதவோரம் போய் நின்றுகொண்டான்.

கிட்டங்கி காலிதான். ஆனால் தரையில் உப்புத் தூள் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நான்கு விசிறியும் சுற்றியதும் கிளம்பியது பாருங்கள் ஒரு வெள்ளைப் புயல்! கண் எரிகிறது, வாயெல்லாம் கரிக்கிறது, ராஜாமணி இருமுகிறான். ஒன்றும் தெரியவில்லை. விழுந்துவிட்டதா? உடைந்துவிட்டதா?

"ஏங்க, மேல பாருங்க!" செல்வக்கனியின் குரல்.

தூசிக்கு மேலே, என் தலைக்கு மேலே, அது நின்றுகொண்டிருந்தது. அசையாமல். நான் அறுத்த தகடு, நான் பற்றவைத்த வயர். மெதுவாக இறக்கினேன். முழுசாக இறங்கியது.

தலைமுதல் கால்வரை உப்பாக நின்ற என் மனைவி கை தட்டினாள். என் பணி ஓய்வு விழாவில்கூட அவள் அப்படித் தட்டியதில்லை.

வீட்டுக்கு வந்து உப்புப் போக ஒவ்வொரு மோட்டாராகத் துடைத்து வைத்தேன். பதிலுக்குக் காத்திருந்தேன். பொங்கலும் போனது.

ஒருவழியாக மின்னஞ்சல் வந்தது. என் கேள்வி உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளதாம். அவ்வளவுதான். ஆனால் செல்வக்கனி போனை என் கையிலிருந்து வாங்கி, முதல் வரியை மட்டும் சத்தமாக இரண்டு தடவை வாசித்தாள்: "மதிப்பிற்குரிய தயாரிப்பாளர் அவர்களுக்கு..."

"பொறவென்ன, அந்தக் கட்டத்துல உங்க பேரையே எழுதுங்க" என்றாள்.

பதில் வந்த தேதி ஜனவரி இருபத்தாறு. அரசு விடுமுறை நாள், ஆபீசில் ஆளே இருந்திருக்காது!