நஸீர் ஓட்டிப் பார்க்காத சைக்கிள்

நஸீர் பயந்த மனிதர் என்பது யாழ்ப்பாணத்தில் சைக்கிள் வைத்திருக்கும் பாதிப் பேருக்குத் தெரியும். திருத்திய சைக்கிளைத் தெருவில் நான்கு முறை ஓட்டிப் பார்க்காமல் ஒருவருக்கும் கொடுக்க மாட்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறில், போருக்கு நடுவே முஸ்லிம்கள் எல்லோரும் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது அவருக்கு எட்டு வயது. அன்று பிடித்த பயம், திரும்பி வந்து கடை போட்ட பிறகும் விடவில்லை. அந்த வெள்ளிக்கிழமை மட்டும் ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது.

சைக்கிள் நிவேதனாவுடையது, பழைய மவுண்டன் சைக்கிள். மேடு பள்ளமில்லாத ஊரில் முன்னுக்கு மூன்று பற்சக்கரம் எதற்கு என்று அவள் கேட்டது நியாயம்தான். இரண்டைக் கழற்றினார். செயினை ஒன்றிலிருந்து மற்றதற்குத் தள்ளும் தகட்டையும் எடுத்துவிட்டு, நடுச் சக்கரத்தை மட்டும் விட்டார். ஸ்டாண்டில் வைத்துச் சுற்றினார், அழகாக ஓடியது. கொடுத்துவிட்டுப் பள்ளிவாசலுக்கு ஓடினார்.

குத்பாப் பிரசங்கம் நடக்கும்போதுதான் நடுச் சக்கரத்தின் பற்கள் நினைவுக்கு வந்தன. செயின் இலகுவாக மாறவென்றே அந்தச் சக்கரத்தின் பற்களைக் கட்டையாக வெட்டியிருப்பார்கள். இவ்வளவு நாளும் செயினை விழாமல் காத்தது அந்தத் தகடு. அதையல்லவா கழற்றி எறிந்திருக்கிறார்! ஸ்டாண்டில் சுற்றும் சக்கரம் குலுங்காது. கொக்குவில் தண்டவாளம் குலுக்கும். ஒன்றரைக்கு அவள் மகளைப் பள்ளிக்கூடத்தால் ஏற்றிக்கொண்டு அதைத்தான் கடப்பாள்.

பாதியில் எழும்பி வெளியேறினார். ஊர் என்ன நினைக்கும் என்று பார்க்க நேரமில்லை. அவள் ஃபோனை எடுக்கவில்லை. தன் சைக்கிளில் ஏறிக் கொக்குவிலுக்கு மிதித்தார். அல்லாஹ்வே, பிள்ளையைக் காப்பாற்று என்பதைத் தவிர வாயில் வேறொன்றும் வரவில்லை.

ரயில் கடவைக்கு இந்தப் பக்கமே இருவரையும் மறித்து இறக்கினார். சைக்கிள் நன்றாகத்தானே ஓடுகிறது என்று நிவேதனா சிரித்தாள். வீணாகப் பயந்தேனோ என்று அவருக்கே ஒரு கணம் பட்டது. எதற்கும் பார்ப்போமென்று அவள் சைக்கிளில் ஏறி மிதித்தார்.

இரண்டாவது தண்டவாளத்தில் சைக்கிள் துள்ளியது. செயின் கழன்று, கால் வெறுமனே சுற்ற, குறுக்கே விழுந்தார். கடவை மணி அடிக்கத் தொடங்கியது. முழங்கால் அடிபட்டதில் எழும்ப முடியவில்லை. சைக்கிளை இழுத்தபடி தவழ்ந்து அந்தப் பக்கம் போய்ச் சேரவும் ரயில் வரவும் சரியாக இருந்தது.

ரயில் போனதும் நிவேதனா மகளை அணைத்தபடி ஓடி வந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீங்கள் வராட்டில் என்ரை பிள்ளை, நஸீர் நானா..."

அந்த நன்றியை வாங்கிக்கொண்டு அப்படியே விட்டிருக்கலாம். நஸீரால் முடியவில்லை.

"என்ரை பிழை, தங்கச்சி. ஓட்டிப் பாக்காமல் தந்திட்டன்."

அவள் பிடித்திருந்த அவர் கையை விட்டாள். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, சைக்கிளைத் திரும்பியும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.