தாய்மாமன் போட்ட நாலு முனை பெல்ட்

என் மச்சான் திருநாவுக்கரசைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால், நான் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துக்கொள்வேன். என் மனைவி தனலெட்சுமிக்கு ஒரே தம்பி அவன். லிங்கி பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் நான் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர், அவன் டிராக்டர் ஓட்டுகிறவன். பகல் முழுக்கப் பழக்குலைகளை ஏற்றிக்கொண்டு மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போவான். அந்த ஏக்கமோ என்னவோ, சாயங்காலம் வேலை முடிந்துவிட்டால் அவன் பேச்சில் இருநூறுக்குக் குறைந்த வேகமே கிடையாது.

தோட்டத்தில் ஓர் ஆயாக் கொட்டகை உண்டு. வேலைக்குப் போகும் தாய்மார்கள் கைப்பிள்ளைகளை விட்டுப் போன இடம். குடும்பங்கள் டவுனுக்குப் போய்விட்டதால் பூட்டிக் கிடந்தது. மச்சான் தோட்டத்து ஆபீஸ் கிராணியைப் பிடித்துச் சாவி வாங்கிக் கடை திறந்துவிட்டான். தொட்டில் கட்டிய விட்டத்தில் இப்போது சைலன்சர்கள் தொங்குகின்றன. காடி என்று நாங்கள் சொல்லும் கார்களில், ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காடிகளுக்கு வேண்டிய பெரிய பிரேக், உயரம் குறைக்கும் ஸ்பிரிங், காடி உருண்டாலும் நசுங்காத இரும்புக் கூண்டு, பந்தயக்காரர்கள் கட்டும் நாலு முனை பெல்ட் எல்லாம் அங்கே கிடைக்கும். வேகத்தை விற்கிறாய் என்று யாராவது சொன்னால் அவனுக்கு முகம் சிவந்துவிடும்.

"ஸ்பீட் இல்ல லா அத்தான், சேஃப்டி. நான் விக்கிறது உசிரு" என்பான்.

அவனுடைய சொந்தக் காடி, ஜப்பானில் கழித்துக் கட்டியதைப் பாதியாக வெட்டிக் கொண்டுவரும் கடையில் ஒரு பாதியும், இன்னொரு கடையில் மறு பாதியுமாக வாங்கிச் சேர்த்தது. இரண்டே கதவு, வெள்ளை நிறம். இருநூற்றைம்பதில் போனாலும் நின்றுவிடும் பிரேக் போட்டிருக்கிறான். ஆனால் தரையிலிருந்து நாலு விரல் உயரம்தான். எங்கள் தோட்டத்துச் செம்மண் சாலையிலோ லாரியிலிருந்து விழுந்த குலைகள் அங்கங்கே கிடக்கும். அவன் இறங்கி, குலையை ஓரமாக உருட்டிவிட்டு, மறுபடி ஏறி, பத்தடி போய், மறுபடி இறங்குவான். பெரிய சாலைக்கு மூன்று கிலோமீட்டர். சைக்கிளில் போகிற வங்காளதேசத் தொழிலாளிகள் அவனை முந்திப் போகும்போது மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

புதுக் காடி வாங்கினால் எங்கள் தோட்டத்து முனியாண்டி கோயிலுக்குக் கொண்டுபோய், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவது இங்கே வழக்கம். மச்சான் ஒரு படி மேலே போனான். ஒவ்வொரு பெல்ட்டையும் விற்பதற்கு முன்னால் தட்டில் வைத்து முனியாண்டி காலடிக்குக் கொண்டுபோய்விடுவான். பூசாரியும் பாவம், சாமிக்கு என்னவென்று சொல்வது என்று தெரியாமல் திருநீறு போட்டுக் கொடுப்பார். பெல்ட்டின் மேல் குங்குமப் பொட்டு, பொட்டுக்குப் பக்கத்தில் பந்தயத் தரமுள்ளது என்று சொல்லும் வெள்ளி ஸ்டிக்கர் வில்லை. அந்த வில்லைகள் தனியாக ஒரு சுருளில் வந்ததையும், ஆயாக் கொட்டகையில் அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரித்து ஒட்டியதையும் நான் என் கண்ணாலேயே பார்த்தேன்.

"ஏன் மச்சான், கம்பெனியில ஒட்டி அனுப்ப மாட்டாங்களா?"

"வர்ற வழியில கசங்கிடும்னு தனியா அனுப்புறாங்க அத்தான். இண்டர்நெட்ல எனக்கு விக்கிற ஆளு தெளிவா சொல்லிட்டான்."

நானும் தலையை ஆட்டினேன். மரத்துக்கு உரம் போடுவதைப் பற்றிக் கேட்டால் எனக்குத் தெரியும். வில்லை ஒட்டுவதைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? இப்படித்தான் அன்றைக்கு என் மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

என் மகள் புனிதாவுக்குப் பாரோயிலிருந்து மாப்பிள்ளை வந்தது. பெயர் குணாளன். தொழிற்சாலையில் டெக்னீஷியன், குடி கிடையாது, பெரியவர்களிடம் பணிவு. ஒரே ஒரு குறை, மாதம் ஒரு தடவை தன் ஜப்பான் காடியை எடுத்துக்கொண்டு செப்பாங் பந்தயப் பாதைக்குப் போய்ச் சுற்றுவான்.  ஒரே மகளைக் கொடுத்துவிட்டு மாதாமாதம் அந்த ஒரு நாள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

மச்சான்தான் வந்து பேசினான். "அத்தான், அந்தப் பையன் என் கஸ்டமர். என் பெல்ட்டுதான் கட்டியிருக்கான். ரெண்டு டன் தாங்கும். அவன் உசிருக்கு நான் பொறுப்பு, போதுமா?"

போதும் என்றுதான் நினைத்தேன். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் தாம்பூலம் மாற்றினேன்.

கல்யாணம் ராசா டவுனில், கோயில் மண்டபத்தில். நல்ல நேரம் ஒன்பதிலிருந்து பத்தரை. பெண்ணை மண்டபத்துக்கு அழைத்து வருவது தாய்மாமன் உரிமை என்று மச்சான் ஆரம்பித்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. அவன் எந்தக் காடியில் அழைத்து வருவான் என்று கேட்கவும் வேண்டுமா?

"மாமா, அதுல பின் சீட்டே இல்ல. தோழி எங்க உக்காருவா?" என்றாள் புனிதா.

"தோழி வேன்ல வரட்டும். நீ மாமா பக்கத்துல."

"கூண்டுக் கம்பியத் தாண்டி ஏறணுமே, பட்டுச் சேலையோட எப்படி மாமா?"

"ஸ்டூல் வெச்சிருக்கேன் லா."

நான் வாயைத் திறப்பதற்குள் தனலெட்சுமி கண்ணைக் கசக்க ஆரம்பித்துவிட்டாள். ஒரே தம்பி, ஒரே உரிமை. இதற்கு மேல் நான் பேசினால் கல்யாணம் வரைக்கும் எனக்குச் சோறு கிடைக்காது.

அன்று காலை ஆறரை மணிக்கு என் மகளை ஸ்டூலில் ஏற்றி, கம்பியைத் தாண்டவைத்து, கிணற்றில் வாளியை இறக்குவது போலப் பக்கெட் சீட்டுக்குள் இறக்கினோம். அந்தச் சீட்டின் இரண்டு பக்கமும் தலையைப் பிடித்துவைக்கும் காதுகள் உண்டு. பூ ஜடை அதற்குள் அடங்காததால் பிள்ளை குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தாள். அடக்கமான பெண் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மச்சான் இரண்டு தோளுக்கும் இடுப்புக்கும் பட்டைகளைப் போட்டு, மாலைக்கு மேலேயே இழுத்து இறுக்கி, நடுவில் வட்டப் பூட்டை 'டக்'கென்று மாட்டினான். ஆட்டம் இல்லாவிட்டால் சேலை கசங்காதாம்.

நாங்கள் வேனில் பின்னாலேயே போனோம். செம்மண் சாலைக்கே அரை மணி நேரம். வேகத்தடை வரும் இடமெல்லாம் காடியைக் குறுக்காகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினான். ராசா போய்ச் சேரும்போது மணி ஒன்பது இருபது. மண்டபத்து வாசலில் அவனுடைய வாடிக்கையாளர்களின் காடிகள் ஒன்பது வரிசையாக நின்றன. எல்லாரையும் அவனே அழைத்திருந்தான். நாதஸ்வரம் ஆரம்பித்தது. ஆரத்தித் தட்டோடு பெண்கள் வந்தார்கள். மச்சான் கதவைத் திறந்து, வட்டப் பூட்டைத் திருகினான்.

திறக்கவில்லை.

மறுபடி திருகினான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திருகினான். பட்டையைத் தளர்த்தும் கொக்கியைத் தூக்கினான், அது கையோடு வந்துவிட்டது. ஒருவர் சமையற்கட்டிலிருந்து எண்ணெய் கொண்டுவந்து ஊற்றினார். அது பூட்டுக்குள் போகாமல் பட்டுச் சேலைக்குள் போனது. யாருடைய கண்ணோ பட்டுவிட்டது என்றாள் ஒரு அத்தை. உடனே பெண்ணைக் காடிக்குள் வைத்தபடியே ஆரத்தி சுற்றினார்கள். அப்படியும் திறக்காததால் பூசணிக்காயைச் சுற்றி உடைத்தார்கள். நாதஸ்வரக்காரர் ஒரே ராகத்தை நாலாவது தடவையாக வாசித்துக்கொண்டிருந்தார். மணி பத்து ஐந்து. ஐயர் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார்.

"வெட்டிடலாம், கத்தி கொண்டாங்க" என்றேன்.

மச்சான் கதவை மறைத்துக்கொண்டு நின்றான். வியர்வை வழிந்தாலும் முகத்தில் ஒரு பெருமை. வாடிக்கையாளர்களைத் திரும்பிப் பார்த்துச் சொன்னான்: "பாத்தீங்களா தம்பி, விடவே மாட்டேங்குது. இதான் தரம். ரெண்டு டன் அத்தான், கத்தியெல்லாம் வேலைக்கு ஆகாது."

அவர்களும் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். ஒருவன் போனில் படம்கூடப் பிடித்தான். காடிக்குள்ளிருந்து என் மகள் குனிந்த தலையோடு, "அப்பா, எனக்கு மூச்சு முட்டுது" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மச்சானைத் தள்ளிவிட்டு உள்ளே குனிந்து, அவள் தோளில் கிடந்த பட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். கழற்ற வேண்டும் என்று இழுக்கவில்லை. மச்சானை அடிக்க முடியாத ஆத்திரத்தில்தான் இழுத்தேன். பட்டையைப் பூட்டோடு தைத்திருந்த இடத்தில் நூல் சரசரவென்று உருவிக்கொண்டு வந்தது. அரிசி மூட்டை வாயில் ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் முழுத் தையலும் பிரியுமே, அப்படியே பிரிந்தது. அடுத்த பட்டையையும் இழுத்தேன், அதுவும் பிரிந்தது. இடுப்புப் பட்டையைப் புனிதாவே பிய்த்துக்கொண்டாள்.

ஊரே கைதட்டியது. நாதஸ்வரக்காரருக்கு உயிர் வந்தது. மகளைத் தூக்கி வெளியே விட்டேன். என் கையில் மட்டும் பட்டை இருந்தது. ஐம்பத்தாறு வயது மண்டோர் வெறுங்கையால் பிய்த்த பட்டை. இரண்டு டன் தாங்கும் என்று சொல்லித்தான் குணாளனைச் செப்பாங்கில் அதைக் கட்டிக்கொண்டு ஓடவிட்டிருக்கிறோம். பூசணிக்காய் சிதறிக் கிடந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

புனிதா என்னைப் பார்த்தாள், பட்டையைப் பார்த்தாள். அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நேராக மேடைக்குப் போனாள். மணையில் உட்கார்ந்ததும் குணாளன் மடியில் வைத்தாள்.

"மாமா பெல்ட்டு. அப்பா கையாலயே பிஞ்சிடுச்சு. உங்க காடியிலயும் இதானே?"

அவன் பிரிந்த நூலை விரலால் தடவிப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"இதே பெல்ட்டுதான்" என்றான்.

"அடுத்த வாரம் செப்பாங்னு சொன்னீங்க."

"போகல."

"சரி, கட்டுங்க" என்று கழுத்தை நீட்டினாள். பத்து இருபத்திரண்டுக்குத் தாலி ஏறியது. ஐயர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

பந்தி ஆரம்பித்தபோதுதான் தாய்மாமனைக் காணோம் என்று கவனித்தோம். தனலெட்சுமி தேடிப் பார்க்கச் சொன்னாள். இன்னும் நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று எனக்கும் நாக்கு அரித்தது. வெளியே போனேன். மச்சான் வரிசையாக நின்ற காடிகளில் ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்து, உள்ளே குனிந்து, பட்டையை இழுத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தது. முந்தைய காடிகளின் பெல்ட்டுகள் அவன் தோளில் சுருண்டு கிடந்தன. வாடிக்கையாளர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

என்னைப் பார்த்ததும் கையிலிருந்த பட்டையை நீட்டிக் காட்டினான். திட்டுவதற்காக நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தை எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"அத்தான், பதினாலு பேருக்கு வித்திருக்கேன். இங்க ஒம்போது, மாப்பிள்ளைது ஒண்ணு. மூணு பேருக்கு போன் போட்டுட்டேன், காடி வீட்டுலதான் நிக்குதாம்."

"மிச்சம் ஒண்ணு?"

"சுகுமாறன். மந்தின் ஊர்க்காரன், ரெண்டு பிள்ளைங்க. கல்யாணத்துக்கு வரல, இன்னிக்கு டிராக் டே, செப்பாங்ல ஓட்டப் போறேன்னு சொன்னான். எட்டுத் தடவை அடிச்சிட்டேன், எடுக்க மாட்டேங்குறான்."

ஒன்பதாவது தடவையாக அடித்தான். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தனலெட்சுமியும் பந்தியிலிருந்து பாதிப் பேரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நான் அந்த முகம் தெரியாத சுகுமாறனுக்காக முனியாண்டியை வேண்டிக்கொண்டேன். எடுத்துவிட்டான். பின்னால் இன்ஜின்கள் உறுமும் சத்தம்.

"அண்ணே, கியூல நிக்கிறேன், அடுத்து நாந்தான். பயப்படாதீங்க, உங்க பெல்ட்ட நல்லா இறுக்கிக் கட்டியிருக்கேன்."

மச்சான் கண்ணை மூடிக்கொண்டான். அவனுடைய அக்கா, வாடிக்கையாளர்கள், சம்பந்தி வீட்டார், எல்லாரும் நிற்கிறார்கள். அவனுக்கு இருப்பது சேஃப்டிக்காரன் என்ற ஒரே ஒரு பெயர். அதையும் இனி யார் மதிக்கப் போகிறார்கள்?

"போகாத தம்பி. அது போலி. வில்லையெல்லாம் நானே ஒட்டுனது. எனக்குச் சந்தேகம் இருந்துச்சு, இருந்தும் வித்தேன். காடிய அணைச்சிட்டு எறங்கு."

அந்தப் பக்கம் இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது. மச்சான் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எறங்கு தம்பி, எறங்கு" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரம் கழித்து இன்ஜின் அணையும் சத்தமும், அதற்குப் பிறகு கதவு திறக்கும் சத்தமும் கேட்டன.