மூக்காயியின் நல்ல பல்

அரிமளம் மூக்காயி மொபட்டில் பெட்டி கட்டி மீன் விற்பவர். அவர் கூவினால் அடுத்த தெருவில் உலை வைத்தவளும் சட்டியோடு வந்துவிடுவாள். அந்தத் தொண்டையிடம் வம்பு வைத்துக்கொண்டவர் திருமயம் பல் டாக்டர் ரகுநாத்.

அந்த கிளினிக்கில் வருகிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஊர்ப் பெயர்தான். "ராங்கியம் வாங்க, அரிமளம் உள்ள போங்க" என்பாள் வாசலில் இருக்கும் பிளெஸ்ஸி. அன்றைக்கு அரிமளத்திலிருந்து இரண்டு பேர். இடது கடைவாய்ப் பல் வலியோடு மூக்காயி. வலது கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வந்த பரிமளா டீச்சர். டீச்சர் போன் பேச வெளியே போயிருந்த நேரத்தில் "அரிமளம்" என்று குரல் வந்தது. மூக்காயி எழுந்து போனார். வலது பக்கம் ஊசி இறங்கியதும் கையை ஆட்டிக் காட்டினார்.

"ஆடாதீங்கம்மா. வாயத் தொறந்து வச்சுக்கங்க."

நல்ல பல் போயிற்று. மரப்பு விட்டதும் இடது பக்கம் பழைய வலி, வலது பக்கம் புதுப் பள்ளம். திரும்பிப் போய்க் கேட்டார்.

"கூப்பிட்டதும் நீங்கதானம்மா வந்தீங்க. அதுவும் ஆட்டங்கண்ட பல்லுதான்" என்றார் டாக்டர்.

தவறு எவருக்கும் வரும். அதை ஒப்புக்கொண்டு எழுதி வைத்து, அடுத்த ஆளிடம் பெயர் என்ன, எந்தப் பல் என்று கேட்டபின் கை வைப்பவன் டாக்டர். மறைப்பவன் இன்னொருவர் பல்லையும் பிடுங்குவான்.

மறுநாள் கூவல் மாறியது.

"சங்கரா, நெத்திலி, காரப்பொடி மீனு. திருமயத்துல பல்லுப் பிடுங்கப் போறவுக பேரச் சொல்லிட்டுப் படுங்க. எனக்கு நல்ல பல்லப் பிடுங்கிட்டாக."

கறிக்கடை சேக் அலாவுதீன் சீண்டினார். "யக்கா, மீன விட பல்லுதான் நல்லாப் போகுது போல."

"மீனு பொழுதோட நாறிரும் தம்பி. இது நாளாக நாளாகத்தான் நாறும்."

கிளினிக்கில் கூட்டம் குறைந்தது. டாக்டரே அரிமளத்துக்குக் காரில் வந்து இறங்கினார்.

"பல்லு சும்மாவே கட்டித் தாரேன். இத நிறுத்துங்கம்மா."

"ஒங்க கையி இனி என் வாய்க்குள்ள வராது. ஆளு நெறஞ்சிருக்கையில, தப்பு என்னோடதுன்னு ஒங்க வாயால சொல்லுங்க. நிறுத்துறேன்."

"எம்பேரு கெட்டுரும்."

"எம்பேரக் கேட்டிருந்தா ஒங்க பேரு எதுக்குக் கெடுது?"

கூவல் நிற்கவில்லை. கடைசியில் டாக்டர் சொல்ல ஒப்புக்கொண்டார். சந்தை நாளில் மூக்காயி கிளினிக் நடுவில் போய் நின்றார். புதுக்கோட்டை சுகாதார அலுவலகத்துக்கு அவர் கேட்டபடி புகார் மனு எழுதிக் கொடுத்த, அவர் தெருவிலேயே இருக்கும் நானும் கூட நின்றேன். டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"இவங்களுக்கு ஆள் மாத்தி நல்ல பல்ல எடுத்துட்டேன். தப்பு என்னோடது."

"கடேசி பெஞ்சுல இருக்கவுகளுக்குக் கேக்கல."

மறுபடியும் சொன்னார். மூக்காயி மனுவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"அதான் சொல்லிட்டேன்ல. புதுக்கோட்டையில புகார் வேணாமேம்மா."

"கூவுறத நிறுத்துறேன்னுதான் சொன்னேன். புகாரப் பத்திப் பேச்சே இல்லையே."

"மன்னிக்கவே மாட்டீங்களா?"

"அந்தப் பல்லு மொளைக்கட்டும், மன்னிக்கிறேன்."

புதுக்கோட்டை பஸ் வந்தது. ஏறிவிட்டார்.