கிணற்று ஆமை

இன்று எங்கள் அடுக்குமாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவியவர்கள் கொட்டிய பிளீச்சிங் பவுடரின் நெடி மூக்கில் ஏறியதும், கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் தெருவுக்கென்று இருந்த ஒரே கிணறு ஞாபகம் வந்தது. புழுவையும் பாசியையும் தின்று தண்ணீரைத் தெளிவாக வைத்திருக்கும் என்று, கோமுகி வாய்க்காலில் பிடித்து அதில் விட்டிருந்த ஆமை சில காலைகளில் வாளியோடு மேலே வந்துவிடும். "போ தாயி, போய் வேலயப் பாரு" என்று அம்மா கயிற்றை மெதுவாகத் திரும்ப இறக்குவாள்.

எங்கள் தெருப் பக்கம் தலைவைத்தும் படுக்காத சுகாதார அதிகாரிகள், காலரா பயத்தில் ஒருநாள் ஜீப்பில் வந்து ஒரு மூட்டைப் பவுடரை இறக்கிவிட்டு, எவ்வளவு போடுவது என்று சொல்லாமலே போனார்கள். ஓசியில் கிடைத்ததை மிச்சம் வைப்பானேன்? "ஜாஸ்தி போட்டா ஜாஸ்தி சுத்தமாவும், அல்லாத்தையும் கொட்டுங்க" என்றார் அப்பா.

மூன்றாம் நாள் வாளியில் வந்த ஆமைக்குக் கண் வெளுத்திருந்தது. அம்மா கயிற்றைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு கிணற்றையும் தூர்த்துவிட்டார்கள்.

ஜீப்பில் வந்தவர்களை இன்றைக்கும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் மூட்டையின் வாயைக் கட்டியிருந்த சணலை, ஆசை ஆசையாய்ப் பல்லால் கடித்து அறுத்தது நான்தான்.