ஜோதிக்காவின் ஏழு அடுக்கு

மந்தைவெளியில் நான் நடத்தும் பல் கிளினிக்கில் என்னைவிட மூத்தவர் உதவியாளர் ஜோதிலட்சுமி. முன்பு இதை நடத்திய டாக்டர் சுப்புராயனிடமிருந்து நாற்காலி, கம்ப்ரசர், மீன்தொட்டி இவற்றோடு சேர்த்து ஜோதிக்காவையும் வாங்கினேன் என்று வேடிக்கையாகச் சொல்வேன். "நீங்க எங்க சார் என்னிய வாங்கினீங்க? நான்தான் ஒங்கள வச்சிக்கினு கீறேன்" என்பார். அது உண்மைதான். எந்த மாமி ஊசியைக் கண்டால் அலறுவார், எந்த வக்கீல் வலியை மறைப்பார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அடையாற்றங்கரையில் இருந்த வீட்டை இடித்து, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். அப்படியும் எனக்கு முன்னால் வந்து கதவைத் திறந்திருப்பார்.

எங்களுக்குள் ஒரே ஒரு சண்டை, எட்டு வருஷமாக ஓயாத சண்டை. கடைவாய்ப் பல்லைப் பல் நிறத்தில் எப்படி அடைப்பது என்பதுதான்.

சுப்புராயன் சார் அடுக்கடுக்காக வைப்பார். அடைக்கும் பேஸ்ட்டை அரிசி கனத்துக்கு வைத்து, நீல விளக்கை இருபது விநாடி காட்டி இறுகவிட்டு, அதன்மேல் இன்னும் கொஞ்சம். இறுகும்போது அந்தப் பேஸ்ட் சுருங்கும். மொத்தமாகத் திணித்தால் பல்லின் சுவரை விட்டு விலகும், இடுக்கில் மறுபடி சொத்தை புகும். அதற்காகத்தான் அடுக்கு. நானோ ஒரே தடவையில் நிரப்புகிறவன். அதற்கென்றே சுருக்கம் குறைந்த பேஸ்ட் இப்போது இருக்கிறது, விளக்கு வெளிச்சமும் அதில் ஆழமாக இறங்கும். பாதி நேரத்தில் முடிந்துவிடும். ஒழுங்காகச் செய்தால் இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசமில்லை என்பதுதான் என் அனுபவம்.

ஜோதிக்கா ஒத்துக்கொள்ள மாட்டார். "ஆறு இட்லி மாவ ஒரே குழில ஊத்துனா வேவுமா சார்?" என்பார். என் அடைப்பு எப்போதாவது கழன்று வந்து, நான் எச்சில் பட்டுவிட்டது என்று காரணம் சொன்னால் போதும். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று கருவிகளைக் கழுவப் போய்விடுவார்.

போன ஜூலையில் தன் வீட்டுக்காரரை அழைத்துவந்தார். தணிகாசலம், திருவான்மியூரில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். கீழ் இடது கடைவாய்ப் பல்லில் உள்பக்கம் உடைந்திருந்தது. வெளியே நான்கு பேர் காத்திருந்ததால் ஒரே தடவையில் நிரப்பினேன். பதினைந்து நிமிஷம். விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்த ஜோதிக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. அவ்வளவு கோபம். நான் கண்ணாடியால் நாக்கை ஒதுக்கிப் பிடித்திருந்தேன். ஒதுக்கிய நாக்கின் ஓரத்தில் அன்றைக்கே ஏதாவது இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் பல்லைத்தான் பார்த்தேன்.

மூன்று வாரத்தில் நாக்கோரம் புண்ணென்று திரும்ப வந்தார்கள். புண் சரியாக அந்தப் பல்லுக்கு எதிரே இருந்தது. விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்கினேன்.

"ரெண்டு வாரம் பாப்போம் ஜோதிக்கா. ஆறலைன்னா அடையாறுக்குப் போய் சதை எடுத்துப் பாத்துடணும்."

அடையாறு என்றால் எங்கள் ஊரில் புற்றுநோய் ஆஸ்பத்திரி என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஜோதிக்கா முகம் கடுகடுத்தது.

"இன்னா சார் நீங்க, அடையாறு கிடையாறுன்னுக்கினு! மாவா பொயலைய வுட்டு ரெண்டு வருசம் ஆவுது அந்தாளு. ஒங்க பில்லிங்கு குத்துது, அவ்ளோதான். அடுக்கி வச்சிருந்தா ஓரம் சுத்தமா வந்திருக்கும்."

இரண்டு வாரம் கழித்தும் புண் அப்படியே இருந்தது. அன்று நான் கையெழுத்துப் போட்டுச் சீட்டைக் கொடுத்து அடையாறுக்கு அனுப்பியிருக்க வேண்டும். அதற்குப் பதில் ரோஷம் வந்தது எனக்கு. எட்டு வருஷமாகக் குத்திக்காட்டுகிறாரே, ஒருமுறை அவர் வழியிலேயே செய்து காட்டி, குறை என் கையில் இல்லை என்று வாயடைக்கிறேன் என்று நினைத்தேன். படித்தவன் புத்தி!

பழையதை முழுக்கக் குடைந்தெடுத்தேன். அடுக்கடுக்காக வைத்தோம், ஏழு அடுக்கு. ஒவ்வொன்றுக்கும் ஜோதிக்கா விளக்கைப் பிடித்து விநாடி எண்ணினார். கடிபடும் இடமெல்லாம் நீலத் தாளை வைத்துப் பார்த்து, மேடு பள்ளம் செதுக்கி, பளபளவென்று முடிக்க ஐம்பது நிமிஷமானது. புண் வலியோடு தணிகாசலம் வாயைத் திறந்தபடியே கிடந்தார். முடிந்ததும் ஜோதிக்கா, "இத்தான் சார் பில்லிங்கு" என்றார். நான் செய்ததிலேயே நல்ல அடைப்பு அதுதான்.

புது அடைப்பு ஆயிற்றே, இரண்டு வாரக் கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். தினமும் காலையில் செல்போன் டார்ச்சில் பார்த்துவிட்டு வந்து ஜோதிக்கா சேதி சொல்வார். "கொஞ்சம் சிறுசாயிடுச்சி சார், தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சு." அவர் சொன்னதை நம்ப எனக்கும் ஆசையாக இருந்தது. பிறகு எதிரே இருந்த மேல்பல் உரசுகிறதோ என்றார். அதையும் தேய்த்தேன். மறுபடி இரண்டு வாரம். அப்புறம் தீபாவளி வந்தது.

நவம்பரில் தணிகாசலத்துக்குக் காதுவரை வலி போனது. கையுறை போட்டு நாக்கைத் தொட்டுப் பார்த்தேன். புண்ணுக்கு அடியில் கொட்டைப் பாக்குபோலக் கெட்டியாக இருந்தது. என் முகத்தைப் பார்த்த ஜோதிக்கா, கையிலிருந்த எச்சில் உறிஞ்சும் குழாயைத் தவறவிட்டார். அத்தனை வருஷத்தில் அவர் கையிலிருந்து ஒரு பஞ்சுகூட விழுந்து நான் பார்த்ததில்லை.

அடையாறில் சதை எடுத்துப் பார்த்துவிட்டு, புற்றுநோய்தான், பாதி நாக்கை எடுக்க வேண்டும், கழுத்துக் கட்டிகளையும் எடுக்க வேண்டும், அப்புறம் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும் என்றார்கள். ஆகஸ்டிலேயே வந்திருந்தால் சின்னதாக வெட்டியிருக்கலாம் என்று அங்கே யாரும் எங்களிடம் சொல்லவில்லை. சொல்லித் தெரிய வேண்டிய நிலையில் நாங்கள் இருவரும் இல்லை.

கரண்டு வைத்த பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாது. அதனால் ஆபரேஷனுக்கு முன்பே, ஆழமாக அடைத்திருந்த அந்தக் கடைவாய்ப் பல்லையும் எடுத்துவிட முடிவானது. நானும் கூடப் போயிருந்தேன். அங்கே ஜுவேரியா என்று ஓர் இளம் பல் டாக்டர். தணிகாசலத்தின் வாய்க்குள் விளக்கைத் திருப்பியவர், சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

"அடடா, எவ்ளோ அழகா அடைச்சிருக்காங்க! ஓரம்கூடத் தெரியல. இதப் போய் எடுக்கவே மனசு வரல. யாரு பண்ணாங்க?"

சொல்லத்தான் எழுந்தேன். அதற்குள் தணிகாசலம், தடித்துப்போன நாக்கைப் புரட்டிப் புரட்டிப் பேசினார்.

"என் வூட்டுக்காரிதான்மா. சார் சும்மா மொத்தமா அடைச்சி அனுப்பிட்டாரு. இவதான் சண்ட போட்டு, மறுக்கா செய்ய வச்சா. அம்பது நிமிசம் லைட்ட புட்சிக்கினு நின்னா எனக்காவ." சிரித்தபடி ஜோதிக்காவைக் கைகாட்டினார். அவருக்கு நிஜமாகவே பெருமை.

ஜுவேரியா ஜோதிக்காவைப் பார்த்துப் புன்னகை செய்தார். ஜோதிக்கா சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் குனிந்து தோளைத் தொட்டேன். என் கையை இரண்டு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டார்.

"அத புடுங்க சொல்லு சார். நிக்காதீங்க, சீக்கிரமா புடுங்க சொல்லு."