ஞானசுந்தரி பாஸ் செய்த கேமரா

மூன்றாவது புகாரும் வந்து சேர்ந்தது. 2008 ஆடி மாதம், கரண்ட் போவதும் வருவதுமாக இருந்த ஒரு முற்பகல். ஆம்பூர் பஜாரில் ஆபித் பாஷா நடத்தும் பிரவுசிங் சென்டரின் மூலைக் கம்ப்யூட்டரில் அதைப் படித்துவிட்டு, ஞானசுந்தரி வாய்விட்டே சொன்னாள்: “கர்த்தரே, இந்த ஜனங்களுக்கு வேற வேலையே இல்லியா?”

அலுப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பதினேழு வருடம் ஷூ கம்பெனியில் தோல் செக்கராக நின்றவள் அவள். நின்றவள் என்றால் நிஜமாகவே நின்றவள். செக்கிங் டேபிளுக்கு நாற்காலி கிடையாது. கெண்டைக்கால் நரம்பெல்லாம் சுருட்டிக்கொண்டு புடைத்தபிறகு, போன வருடம்தான் வேலையை விட்டாள். வீட்டு முன்னறையில் கணவர் ஆபேல் பழைய ரேடியோ, டேப், கேமரா எல்லாம் வாங்கி ரிப்பேர் செய்வார். அவற்றைப் படம் பிடித்து, இன்டர்நெட்டில் ஒரு ஏல சைட்டில் போட்டு விற்பது இவள் வேலை. உட்கார்ந்தபடி செய்யலாம் என்பதே அவளுக்குப் பெரிய சொர்க்கமாகத் தெரிந்தது.

ஆனால் அந்த சைட்டில் ஒரு சட்டம். ஒரே வருடத்தில் மூன்று புகார் நிரூபணமானால் கணக்கை மூடிவிடுவார்கள். மூடினால் மறுபடி அந்த டேபிள்தான். ‘வந்தா இடம் இருக்கு’ என்று சூப்பர்வைசர் சொல்லியனுப்பியிருந்தார். அந்தக் காலை வைத்துக்கொண்டு எங்கே போய் நிற்பது, சொல்லுங்கள்!

முதல் புகார் ஆமதாபாத்திலிருந்து வந்தது. ரேடியோ நன்றாகத்தான் பாடியதாம். ஆனால் அது உடையாமல் இருக்கச் சுற்றிலும் திணித்திருந்தது என்ன என்று கேட்டிருந்தார் அந்த மனிதர். என்னவாக இருக்கும்? ஆம்பூரில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிற கட்டிங் வேஸ்ட், துண்டுத் தோல். மெத்தை மாதிரி இருக்குமே என்று பக்குவமாக வைத்தாள். அவர்கள் வெங்காயம்கூடச் சேர்க்காத வீடு. பார்சலைப் பிரித்ததோ சாமி அறையில். குய்யோ முறையோ என்று கத்தி, வீட்டையே கழுவிவிட்டார்களாம். சாமி அறையில் பார்சல் பிரிப்பார்கள் என்று இவள் கனவா கண்டாள்?

இரண்டாவதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தோலில் உண்ணி கடித்த தழும்போ முள் கீறலோ இருந்தால், அதைச் சுற்றி சில்வர் பேனாவால் ஒரு வட்டம் போடுவது செக்கர் வேலை. கட்டிங் ஆள் அந்த இடத்தைத் தள்ளிவிட்டு வெட்டுவான். இவளும் அதே வழக்கத்தில், விற்கிற சாமானில் எங்கெங்கே கீறல் இருக்கிறதோ அங்கெல்லாம் வட்டம் போட்டுத்தான் படம் எடுப்பாள். பிறகு ஸ்பிரிட் தொட்டு வட்டத்தைத் துடைத்துவிட்டு அனுப்புவாள். கான்பூர்க்காரர் ஒருவர், ‘படத்தில் ஐந்து வட்டம் இருந்தது, வந்த டேப்பில் ஒன்றுகூட இல்லை, வேறு சாமானை அனுப்பி ஏமாற்றிவிட்டார்கள்’ என்று எழுதிவிட்டார். ஒளிக்காமல் காட்டியதற்கு ஏமாற்றுக்காரி பட்டம்! அன்றைக்கு முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

இப்போது நாக்பூரிலிருந்து ஒரு வாத்தியார். “மேடம், கேமராவின் பின்பக்கம் படம் தெரிகிற கண்ணாடியில் நீங்கள் வட்டம் போடாத ஒரு கீறல் இருக்கிறது” என்று மரியாதையாக எழுதியிருந்தார். அந்த மரியாதையைப் பார்த்துத்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

“நான் பாக்காத கீறலா? எழுது பாஷா. டியர் சார், ஃபுல் லாட் செக்டு அண்ட் பாஸ்டு.”

“அக்கா, ஒரே ஒரு கேமரா. அதுல லாட்டு எங்க வந்துச்சு?”

“சும்மா அடிப்பா. பதினேழு வருஷம் இதைத்தான் எழுதினேன். ஷூ வாங்கற ஒரு வெள்ளைக்காரன்கூடக் கேள்வி கேட்டதில்ல.”

அது முழு உண்மையும் இல்லை. கடைசி வருடத்தில் இரண்டு முறை அவள் பாஸ் செய்த தோல் திரும்பி வந்தது. டியூப் லைட் சரியில்லை என்று சூப்பர்வைசரிடம் சண்டை பிடித்து, புது லைட்டே போட வைத்தாள். கண் டாக்டரிடம் போகலாமே என்றால், அந்தக் கம்பெனியில் கண்ணாடி போட்ட செக்கர் ஒருத்தியும் கிடையாது. கண்ணாடி போட்ட மறுநாளே கூலி குறைந்த பேஸ்ட் தடவும் வரிசைக்கு மாற்றிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு. அதனால் எல்லாப் பெண்களும் கண் நன்றாகத் தெரிகிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேலையை விட்ட பின்னும் ஞானசுந்தரிக்கு அந்தப் பயம் விடவில்லை.

அந்தப் பதிலுக்கு வாத்தியார் கேமராவையே கூரியரில் திருப்பி அனுப்பிவிட்டார். சைட்டுக்குக் கடைசிப் பதில் சொல்ல ஐந்து நாள் தவணை. ஜன்னலோரம் நின்று, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஒரு மண்ணும் இல்லை. “பொய் சொல்றாருங்க அந்த வாத்தியாரு,” என்று ஆபேலிடம் நீட்டினாள்.

ஆபேல் வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டார். “உள்ளதான் என் வேலை, வெளிய உன் வேலை. ஹலீமாக்காவ ஒரு வாட்டி பாக்கச் சொல்லேன்.” அவர் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஹலீமா பீ கம்பெனியில் பக்கத்து டேபிள்காரி, இன்னும் வேலையில் இருப்பவள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து இவள் வீடு திரும்பும்போது அவள் வந்து காத்திருந்தாள். கேமராவை வாங்கி, தோலைத் திருப்புகிற மாதிரியே வெளிச்சத்தில் லேசாகச் சாய்த்தாள். ஒரு நொடிகூட ஆகவில்லை.

“இருக்கே.”

“எங்கக்கா?”

“நல்லா பாரு சுந்தரி. குறுக்கால, நீட்டுக்கு.”

“விளையாடாதக்கா.”

ஹலீமா பீ அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்து, நகத்தைக் கண்ணாடியின் மேல் மெல்ல இழுத்தாள். பாதி வழியில் நகம் தட்டியது. மறுபடி இழுத்தாள். அதே இடத்தில் தட்டியது. மூன்றாம் முறை ஞானசுந்தரி தானே இழுத்துப் பார்த்தாள்.

“இத்தனை நாளு எனக்குத் தெரிஞ்சுதேக்கா. டேபிள்ல நான் விட்டதே இல்லியே.”

ஹலீமா பீ கேமராவைக் கீழே வைத்தாள். பிறகு, “கோச்சுக்காத,” என்றாள். “கடைசி ரெண்டு வருஷமா, உன் டேபிள்ல பாஸ் ஆனத நான் ஒருக்கா பாத்துட்டுத்தான் உள்ள அனுப்புவேன். நீ தண்ணி குடிக்கப் போறப்ப. நான் லீவு போட்ட ரெண்டு நாளுலதான் மாட்டிக்கிச்சு.”

“ஏன்க்கா சொல்லல?”

“சொன்னா நீ வேலைய விட்ருப்ப. அப்போ உன் வீட்ல இருந்த பணப் பேஜாருல எப்படிடி சொல்றது?”

ஞானசுந்தரிக்குக் கோபம்தான் முதலில் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. டியூப் லைட்டுக்காகக் கத்தியது நினைவுக்கு வந்து கூசிப்போனாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். ஆபேல் முன்னறையில் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

மறுநாள் பிரவுசிங் சென்டரில் ஆபித் பாஷா கேட்டான்: “இன்னாக்கா எழுதறது? பாஸ்டுன்னே அடிச்சிரவா?”

“இல்லப்பா. கம்ப்ளெய்ன்ட் கரெக்ட்னு ஒத்துக்கலாம்.”

“கணக்கு மூடிருவாங்களே!”

“மூடட்டும். டியர் சார், யுவர் செக்கிங் கரெக்ட். மை செக்கிங் ரிஜெக்ட். அதை மட்டும் அடி.”

வீட்டுக்கு வந்ததும் மேஜை டிராயரிலிருந்து சில்வர் பேனாவை எடுத்தாள். நகத்தால் தடவித் தடவி அந்தக் கீறலைத் தேடிப் பிடித்து, கண்ணை இடுக்கிக்கொண்டு ஒரு வட்டம் போட்டாள். கேமராவை ஆபேல் முன்னால் நீட்டினாள்.

“சரியா இருக்காங்க?”

ஆபேல் இந்த முறை அவள் முகத்தைப் பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம் மேல, சுந்தரி,” என்றார்.