ஜோனை ஜோன் குடியெழுப்பிய வழக்கு

நூலகத்தின் முன்மேசையில் அங்கிள் அந்தத் துணிப்பையை வைத்தபோது உள்ளே முருங்கைக்காய் இருக்கும் என்றுதான் நினைத்தேன். ஏழு கொப்பிகள் இருந்தன. பச்சை மட்டை, ஒவ்வொன்றிலும் ஒட்டிய எண், பக்கத்துக்குப் பக்கம் சரிந்த ஆங்கிலக் கையெழுத்தில் பெயர்கள். ஏழாவது கொப்பி பாதியில் நின்றிருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரே பெயர்: ஜோன். அதற்கு மேலே ஒரு கோடு, கோட்டின் நுனியில் கேள்விக்குறி. “இது என்ர மனிசியின்ர வேலை,” என்றார். “இந்த ஆளின்ர தேப்பன் ஆரெண்டு தெரிய முந்தி அவள் போயிட்டாள். நீர் சரித்திரம் படிச்ச பிள்ளையாமே. கண்டுபிடிச்சுத் தாரும்.”

சரித்திரம் படிச்ச பிள்ளை. அந்தச் சொல் எனக்குள் என்ன செய்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும். அப்பா கோழி வெட்டும் தொழிற்சாலையில் நின்றவர். அம்மா அலுவலகங்களைத் துப்புரவு செய்தவர். இருவரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. எங்கள் வீட்டில் பல்கலைக்கழகப் படியேறிய முதல் ஆள் நான். டூங்கபி என்ற புறநகருக்குப் பக்கத்து நூலகத்தில் பகுதிநேர வேலை. சனிக்கிழமைகளில் குடும்ப வரலாறு தேடி வருபவர்களுக்கு உதவ வேண்டும். பழைய ஸ்கொட்லாந்துக் கையெழுத்தை இணையப் பாடங்களில் பார்த்து நானே பழகியிருந்தேன். அதைக் காட்டுவதற்கு ஒரு ஆள் வராதா என்று காத்திருந்த காலம் அது.

அங்கிள் அடுத்த புறநகரான கிரவீனில் இருந்தார். அகதியாக வந்து, மருத்துவமனையில் கட்டில் தள்ளுகிற வேலை பார்த்து, அங்கேயே தாதியாக இருந்த ஒருவரைக் கலியாணம் செய்தவர். அவர் மனைவியின் குடும்பம் ஸ்கொட்லாந்திலிருந்து வந்தது. ஐந்நூறு வருடங்களுக்கு முன் அங்கே பெரிய நிலக்கிழார்களாக இருந்தவர்கள் என்பது அவர்களுடைய வீட்டுக் கதை. மெல்பேர்னில் இருந்த மனைவியின் தமையன் அந்தக் கதையைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருந்தார். ஐந்நூறு வருடத்துக்கு முன்பே சொந்த மண் வைத்திருந்த குடும்பத்துப் பெண், காகிதம் இல்லாமல் வந்தவனைக் கட்டுவதா என்று கேட்டுவிட்டுக் கலியாணத்துக்கு வரவில்லை. தங்கையின் செத்தவீட்டுக்கும் வரவில்லை. அவரை ஒருதரம் பார்க்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே அந்த மனுசி கண்ணை மூடியதாக அங்கிள் சொன்னார். கல்லறைக்குக் கல் நடப் போகிறேன், அதற்காவது வாருங்கள் என்று அங்கிள் எழுதியபோது பதில் வந்தது: குடும்பத்தின் வழி அந்த நிலக்கிழார்களைப் போய்த் தொடுகிறது என்று உறுதியானால், கல்லில் அதை வெட்டினால், வருகிறேன்.

அதனால்தான் கொப்பிகள் என்னிடம் வந்தன. அன்று முதல் அங்கிளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாளுக்கு மூன்று தடவை தொலைபேசி. “என்ன தம்பி, ஆள் அகப்பட்டாரோ?” நூலகத்துக்கு வந்தால் கதிரையில் இருக்கமாட்டார்; எனக்குப் பின்னால் நடந்துகொண்டே இருப்பார். அந்தக் காலத்தில் நிலத்தைக் கைமாற்ற அந்த நிலத்திலேயே போய் நின்று, சாட்சிகளுக்கு முன் ஒரு பிடி மண்ணையும் ஒரு கல்லையும் கையில் கொடுப்பார்கள் என்று நான் சொன்னபோது மட்டும் நடை நின்றது. “எங்கட ஊரில காணி உறுதி எழுதுற நொத்தாரிசுமார் வீட்டுக் கதிரையை விட்டே எழும்பாயினம்,” என்றார்.

ஆறு வாரத்தில் ஆள் அகப்பட்டார். அப்படித்தான் நம்பினேன். ஒரு நிலக்கிழார் தன் மகனும் வாரிசுமான ஜோனுக்கு மண்ணும் கல்லும் கொடுத்த பத்திரம். கொப்பியில் இருந்த ஜோனின் அதே ஊர், அதே வருடங்கள். கோட்டின் நுனியில் தகப்பன் பெயரை எழுதினேன். இடையில் ஒரு நீதிமன்றப் பதிவு மட்டும் உறுத்தியது. நிலக்கிழாரின் மகன் ஜோன், நிலக்கிழாரின் மகன் ஜோனை நிலத்தை விட்டுக் குடியெழுப்ப உத்தரவு வாங்கியதாக அதில் இருந்தது. ஒரு மனிதன் தன்னைத்தானே எப்படிக் குடியெழுப்புவான்? ஓரத்தில் பென்சிலால் ‘எழுத்தர் பிழை’ என்று குறித்து ஒதுக்கினேன். அறிக்கை மெல்பேர்னுக்குப் போனது. தமையன் விமானச் சீட்டு எடுத்துவிட்டதாகப் பதில் எழுதினார். ‘நிலக்கிழாரின் வாரிசு ஜோனின் வழி’ என்ற வரியோடு திங்கட்கிழமை கல்வெட்டுக்காரர் வேலையைத் தொடங்குவதாக இருந்தது.

அதற்கு முந்திய வியாழக்கிழமை, வேறு எதையோ தேடும்போது, ஒரு பத்திரத்தின் சாட்சிப் பட்டியல் கண்ணில் பட்டது. மூத்த ஜோன், அவர் சகோதரர் இளைய ஜோன். ஒரே தகப்பனுக்கு, ஒரே காலத்தில், உயிரோடு இரண்டு ஜோன்கள். அந்த நாட்டில் அப்போது அது வழக்கமாம். படித்தவர்கள் எல்லோரும் அறிந்த செய்தியாம். எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீடுகளில் பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்போம். கூடப் பிறந்த இருவருக்கு ஒரே பெயர் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னேன். “ஒராளைத் திட்டக் கூப்பிட்டா ரெண்டு பேரும் ஓடி வருவினம்,” என்று அம்மா சிரித்தார். “தாய்க்கு வேலை மிச்சம்.” எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூத்தவர் ஆண் பிள்ளை இல்லாமல் இறந்தவர். அப்படியானால் அங்கிளின் மனைவி வந்தது இளையவரின் வழியில். பென்சில் குறிப்பை அழித்துவிட்டு அந்த வழக்கை மறுபடி படித்தேன். இளைய ஜோன் முறையான தாரத்தின் பிள்ளை அல்ல. தகப்பன் கண் மூடியதும் மூத்தவர் அவரை நிலத்தை விட்டு எழுப்பியிருந்தார்.

சனிக்கிழமை காலை கிரவீனுக்குப் போனேன். சொல்லாமல் விட்டால் என்ன என்று ரயிலில் வழி முழுவதும் யோசித்தேன். யாருக்கும் தெரியவராது. தமையன் வருவார், தங்கையின் கல்லுக்கு முன் நிற்பார். குசினியில் அங்கிள் எனக்குத் தேநீர் ஊற்றினார். நான் சொல்லி முடிக்கும்வரை ஊற்றிய கேத்தலைக் கீழே வைக்கவில்லை.

“இதை ஏன் இண்டைக்குச் சொல்ல வந்தனீர்?” என்றார். “திங்கட்கிழமை தாண்டிச் சொல்லியிருக்கலாமே. கல்லு வெட்டினாப் பிறகு சொல்லியிருந்தா நானும் கவலைப்பட்டுட்டுச் சும்மா இருந்திருப்பன்.”

“என்ர பிழை, அங்கிள்.”

“உம்மட பிழைதான். வேற ஆற்ற?”

குசினியைச் சுற்றி நடந்தார். பிறகு அந்த உத்தரவைத் தமிழில் சொல்லச் சொன்னார். மனைவி, பிள்ளைகள், வேலையாட்கள், தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாவற்றோடும் அந்த வீட்டையும் நிலத்தையும் விட்டு வெளியேற வேண்டும் என்று சொன்னேன். இன்னொருக்கால் சொல்லும் என்றார். சொன்னேன்.

“எங்க போனவை?”

பதிவில் இல்லை என்றேன். இருபது வருடம் கழித்து, வேறொரு ஊரில், வேறொருவரின் நிலத்தில் இளைய ஜோனின் மகன் குத்தகைக்காரனாக இருக்கிறான். இடையில் ஒன்றும் இல்லை.

அங்கிள் தொலைபேசியை எடுத்தார். “நான் வந்த புதுசில என்ர விண்ணப்பத்தை மொழிபெயர்த்தவர் ஒரு திகதியை மாத்தி எழுதிப் போட்டார். அந்த ஒரு வரியால என்னைக் கம்பிக்கு உள்ள வைச்சிருந்தவை, தம்பி. பிழையெண்டு தெரிஞ்ச வரியை அவளின்ர தலைமாட்டில நான் வெட்டமாட்டன்.” எண்ணை அழுத்தினார். அவருடைய உடைந்த ஆங்கிலத்தில், நான் தமிழில் சொன்னதை அப்படியே மைத்துனருக்குச் சொன்னார். மனைவி, பிள்ளைகள், தட்டுமுட்டுச் சாமான்கள் உட்பட. “அவளும் நீங்களும் எழுப்பப்பட்ட ஆளின்ர பிள்ளையள்,” என்று முடித்தார். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவன் இல்லை என்று மறுமுனைக் குரல் சொன்னது. தொடர்பு அறுந்தது. அங்கிள் ஆறிய தேநீரை என் பக்கம் தள்ளி, “குடியும்,” என்றார்.

கல் நட்ட அன்று ஐந்து பேர்தான். பெயரும் வருடங்களும் மட்டும் வெட்டப்பட்டிருந்தன. கீழே ஒரு வரி அளவுக்கு இடம் விடச் சொல்லியிருந்தார் அங்கிள். சடங்கு முடிந்த பிறகும் அரைமணி நேரம் அவர் போக மனமில்லாமல் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு கார் திரும்பும்போதும் கழுத்து நீண்டது. நான் பக்கத்தில் நின்றேன். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்தக் கார்களில் ஒன்றிலிருந்து ஒருவர் இறங்கியிருப்பார். அதை நினைக்காமல் இருக்க இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. செய்தது சரி என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். சரி என்பது அந்த வாசலில் நின்ற மனிதருக்கு என்ன கொடுத்தது?

பிறகும் தொலைபேசி வந்துகொண்டுதான் இருந்தது. கேள்விதான் மாறியிருந்தது. “அந்த இருபது வருசம் எங்க நிண்டவையெண்டு ஏதும் அகப்பட்டதோ?” குத்தகைப் பட்டியல், தேவாலயக் கணக்கு, அபராதப் பதிவு என்று கிடைத்ததெல்லாம் புரட்டினேன். போன குளிர்காலத்தில் தொலைபேசி நின்றது. அங்கிளை மனைவிக்குப் பக்கத்தில் புதைத்தோம்.

மூன்று வாரங்களுக்கு முன் நூலக முகவரிக்கு மெல்பேர்னிலிருந்து ஒரு கடிதம். நடுங்கும் வயதான கையெழுத்து. வணக்கம், நலம் எதுவும் இல்லை. என் அறிக்கையைத் திரும்பப் படித்தாராம். வழக்குப் பதிவின் பிரதியையும் தானே எடுத்துப் பார்த்தாராம். ஒன்று மட்டும் கேட்டிருந்தார்: அவர்கள் எங்கே போனார்கள்?

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இந்தக் கேள்வியோடு அன்றே ஒரு விமானத்தில் ஏறியிருக்கலாம்; இதே கேள்விக்குப் பதில் தெரியாத இன்னொருவர் அந்த வாசலில் இவருக்காகக் காத்து நின்றார். கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் வேலைக்குப் போய் வந்தேன். தெரியாது என்று எழுதப் பல தடவை தாளை எடுத்து, மடித்து வைத்தேன். நேற்றுத்தான் பதில் அனுப்பினேன். ஜோனைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. கல்லறைத் தோட்டத்தின் முகவரி, எந்த வாசலால் வர வேண்டும், எத்தனையாவது வரிசை, வரிசையில் எத்தனையாவது கல். அவ்வளவுதான் எழுதினேன்.